பங்காளி இல்லாத பங்கேற்பு
வளர்ச்சி உதவியில் 'கூட்டுச் செயல்பாடு' குறித்த ஆய்வுகளை முன்வைத்து

1

'பங்காளி' என்கிற சொல் தமிழில் என்ன பொருள் தருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரே பாட்டன் சொத்தில் பங்குள்ளவன் பங்காளி. பங்கு இருப்பதால்தான் அவன் சண்டைக்கு வருகிறான். வரப்பை நகர்த்தினால் கேட்பான். கிணற்றில் முறை தவறினால் கேட்பான். கணக்குக் காட்டச் சொல்வான், காட்டாவிட்டால் ஊர்க்கூட்டத்துக்கு இழுப்பான். சண்டை போடும் உரிமை பங்கோடு சேர்ந்தே வருவது என்பதை நம் கிராமத்து வழக்கு நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. (இந்தப் பங்காளி முறையில் பெண்ணுக்கு இடமில்லை என்பதையும், சொத்தே மறுக்கப்பட்ட சாதிகளுக்கு இச்சொல்லால் பயன் எதுவுமில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. சொல்லைப் புனிதப்படுத்துவது நம் நோக்கமல்ல.)

1980களின் பிற்பகுதியிலிருந்து சர்வதேச வளர்ச்சி உதவி பற்றிய சொல்லாடலில் 'பங்கேற்பு', 'கூட்டாளர்', 'பங்குதாரர்' முதலான சொற்கள் வந்து குவிந்தன. நிதி தருகிற நாடு ஒரு பங்குதாரர். வாங்குகிற அரசு ஒரு பங்குதாரர். நடுவிலிருக்கும் தொண்டு நிறுவனம் ஒரு பங்குதாரர். கடைசியில், கூட்டத்துக்கு வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற கூலிக்காரரும் பங்குதாரர். எல்லாரும் பங்குதாரர், ஆனால் சண்டை மட்டும் இல்லை. கணக்குக் கேட்பவர் ஒரே ஒருவர்தான், பணம் கொடுத்தவர். மற்றவர்கள் கணக்குக் காட்டுபவர்கள்.

இக்கூட்டுச் செயல்பாடு ஏன் ஒழுங்காக நடப்பதில்லை என்பதை ஆராய்வது இன்று தனித்ததொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. ஒருங்கிணைப்பு போதவில்லை, தகவல் பரிமாற்றம் இல்லை, நம்பிக்கை குறைவு, ஒருவர் செய்வதையே இன்னொருவரும் செய்கிறார் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். இவை பொய்யல்ல. ஆனால் இவ்வாய்வுகள் பெரும்பாலும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: கூட்டாக நடந்த ஒரு காரியம் பற்றிய பிரதியை எழுதும் உரிமை யாருக்கு? அந்தப் பிரதியோடு ஒத்துப்போகாதவர் தன் மறுப்பை எங்கே பதிவு செய்வது? கூட்டுச் செயல்பாட்டின் சிக்கல் என்று நாம் பேச வேண்டியது இதைத்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2

முதலில் நிர்வாகவியல் நோக்கிலான விடையைப் பார்த்துவிடுவோம். 2005 மார்ச்சில் பாரிஸில் நிதி தரும் நாடுகளும் பெறும் நாடுகளும் கூடி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. ஐந்து கோட்பாடுகள்: திட்டம் பெறுகிற நாட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், தருபவர்கள் அந்நாட்டின் அமைப்புகள் வழியாகவே செயல்பட வேண்டும், தங்களுக்குள் ஒத்திசைந்து போக வேண்டும், விளைவுகளை வைத்து நிர்வகிக்க வேண்டும், இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டும். 2010க்குள் எட்டுவதற்கென 13 இலக்குகள் குறிக்கப்பட்டன. 2011இல் கணக்குப் பார்த்தபோது எட்டப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று: தொழில்நுட்ப ஒத்துழைப்பை ஒருங்கிணைத்தல். அதாவது ஆலோசகர்களையும் பயிற்சிகளையும் ஒழுங்குபடுத்தி அனுப்புவதில் வெற்றி. ஒருவருக்கொருவர் பதில் சொல்வது உள்ளிட்ட மற்ற பன்னிரண்டிலும் இல்லை. அதே ஆண்டு பூசானில் மீண்டும் கூடினார்கள். 'உலகக் கூட்டாண்மை' என்ற புதிய பெயர் கிடைத்தது.

தோல்வி கண்டுபிடிக்கப்பட்டதும் அதற்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் கூட்டாண்மை பரிந்துரைக்கப்படுவதைக் கவனியுங்கள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர். இந்தச் சுழற்சி எப்படி இயங்குகிறது என்பதை 1990லேயே ஜேம்ஸ் ஃபெர்கூசன் தன்னுடைய 'அரசியல்-நீக்க இயந்திரம்' என்ற நூலில் காட்டியிருந்தார். ஃபூக்கோவின் சிந்தனைகளைத் துணைக்கொண்டு அவர் வாசித்தது தெற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லெசோத்தோ என்ற சிறு நாட்டை. உலக வங்கியின் 1975ஆம் ஆண்டு அறிக்கை அந்நாட்டை நவீனப் பொருளாதாரம் தொடாத பாரம்பரிய உழவர் சமூகமாகச் சித்திரித்தது. உண்மையில் அது பல தலைமுறைகளாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பும் உழைப்புக் கிடங்கு. வீட்டு வருமானம் சுரங்கத்திலிருந்து வந்தது. மாடு விற்பனைக்கான சரக்காக இருக்கவில்லை, சுரங்கத்திலிருந்து திரும்புகிறவனின் முதுமைக்கான சேமிப்பாக இருந்தது. கனடாவும் உலக வங்கியும் சேர்ந்து நடத்திய தாபா-ட்ஸேகா திட்டம் இவர்களை 'சந்தை தெரியாத மாடு வளர்ப்பவர்கள்' என்று கொண்டு மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டது. வேலி பிடுங்கப்பட்டது. திட்டம் தன் நோக்கத்தில் தோற்றது. ஆனால் சாலை வந்தது, அரசு அலுவலகங்கள் வந்தன, அதிகாரவர்க்கத்தின் பிடி மலை வரைக்கும் நீண்டது. தோல்வி என்று எழுதப்பட்டதன் பின்னால் இத்தனை காரியமும் நடந்து முடிந்திருந்தது.

ஃபெர்கூசனின் வாசிப்பு கூர்மையானது. எனினும் அதில் ஒரு வசதி இருக்கிறது. இயந்திரத்துக்கு வெளியே நின்று அதைப் பார்க்கிற வசதி அது. கூட்டாகச் சேர்ந்து வேலை செய்தவரே அந்தக் கூட்டைப் பற்றி எழுதினால் என்ன ஆகும்?

3

என்ன ஆகும் என்பதற்கு டேவிட் மாஸ் ஒரு சான்று. நமக்கு முற்றிலும் அந்நியரல்ல. 1980களின் தொடக்கத்தில் இராமநாதபுரம் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கிக் கிறித்தவத்தையும் சாதியையும் ஆராய்ந்தவர். தமிழகக் கண்மாய்ப் பாசனம் குறித்த அவருடைய நூல் 2003இல் வந்தது. இங்கே நாம் பேச வேண்டியது 2005இல் வெளியான 'வளர்ச்சியைப் பயிரிடுதல்' என்ற அவருடைய இன்னொரு நூலைப் பற்றி.

குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கிற மேட்டுநிலத்தில் பீல் பழங்குடியினரிடையே 1990களின் தொடக்கத்தில் இந்திய-பிரிட்டிஷ் மானாவாரி விவசாயத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பணம் பிரிட்டிஷ் அரசின் உதவித் துறையுடையது. நடத்தியது உரம் தயாரிக்கும் கூட்டுறவு நிறுவனமான கிரிப்கோ. ஆலோசனை பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தார். மாஸ் தொடக்கத்திலிருந்தே அதன் ஆலோசகர்களில் ஒருவர். திட்டத்தின் அடிப்படையே 'பங்கேற்பு'தான். கிராமத்து மக்களே தரையில் கோலப்பொடியும் கல்லும் விதையும் வைத்துத் தங்கள் ஊர் வரைபடத்தைப் போடுவார்கள், தங்கள் தேவையைத் தாங்களே சொல்வார்கள், அதிலிருந்து திட்டம் பிறக்கும் என்பது அதன் நம்பிக்கை.

மாஸ் கண்டது வேறு. பொது இடத்தில், வெளியாட்கள் முன்னிலையில், கூட்டமாக நடக்கிற இந்த நிகழ்ச்சியில் பேசியவர்கள் பேசக்கூடியவர்களே. பெண்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். ஊரில் செல்வாக்குள்ளவர்களின் கருத்து 'ஊர்க் கருத்து' ஆயிற்று. இன்னும் முக்கியமானது, வந்திருப்பவர்களால் எதைத் தர முடியும் என்பதை மக்கள் கணித்துவிட்டார்கள். எதைத் தருவார்களோ அதையே 'எங்கள் தேவை' என்று சொன்னார்கள். "அவுங்க என்ன குடுப்பாங்கன்னு தெரியாம நாம என்னத்தக் கேக்குறது?" என்று நம் பக்கத்திலும் சொல்வதுண்டே, அதே நியாயம். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அதிகாரத்தின் முன்னால் ஏழை நடத்துகிற பேரம் அது. ஆனால் அறிக்கையில் அது 'உள்ளூர் அறிவு' என்று பதிவாயிற்று. திட்டம் தன் குரலையே எதிரொலியாகக் கேட்டுவிட்டு அதை மக்கள் குரல் என்று எழுதிக்கொண்டது.

இங்கேயும் லெசோத்தோவின் கதை திரும்புகிறது. பீல் குடும்பங்களில் பெரும்பாலானவை கடனில் மூழ்கியவை. மழைக்காலம் முடிந்ததும் சூரத்துக்கும் பரோடாவுக்கும் அகமதாபாத்துக்கும் கட்டட வேலைக்குப் போகிறவை. முகவரிடம் முன்பணம் வாங்கி, அதை அடைக்க நகரத்தில் பிளாட்பாரத்தில் படுத்து உழைக்கிறவர்களை, திட்டம் 'மானாவாரி விவசாயி' என்று அழைத்தது. சுரங்கத் தொழிலாளியை மாடு வளர்ப்பவனாகப் பார்த்ததைப் போலவே. இடம்பெயர்ந்த உழைப்பு பற்றித் திட்டத்துக்குள்ளேயே பின்னால் ஆய்வு நடந்தது, மாஸும் அதில் இருந்தார். ஆனால் தேவையை மக்களே சொன்னதாகக் கருதப்பட்ட அந்த முதல் கட்டத்தில், வாழ்வின் மையமான இந்த விஷயம் திட்டத்தின் மையத்துக்கு வரவில்லை.

திட்டத்தால் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. உழவர்களே வயலில் சோதித்துத் தேர்ந்தெடுத்த கலிங்கா-3 என்ற நெல் ரகம் அங்கே பரவியது. மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பு வேலை உள்ளூரிலேயே கூலி கொடுத்தது. மாஸும் இதை மறுக்கவில்லை. அவர் சொன்னது வேறு, சொல்லப்பட்டவர்களுக்கு இன்னும் கசப்பானதும்கூட. 1990களின் நடுவில் இத்திட்டம் முன்மாதிரி என்று புகழப்பட்டது. 1997இல் பிரிட்டனில் ஆட்சி மாறி, உதவித் துறை டிஎஃப்ஐடி என்று பெயர் மாறி, கொள்கையும் மாறியது. அதன் பிறகு இதே திட்டம் காலாவதியானதாக, அரசோடு இணைந்து நில்லாத தனித் தீவாகப் பார்க்கப்பட்டது. ஊரில் நடந்த வேலை பெரிதாக மாறிவிடவில்லை. அதற்கான விளக்கம் மாறிவிட்டது. ஆக, கொள்கை நடைமுறையை வழிநடத்துவதில்லை. ஏற்கனவே நடப்பதற்கு ஆதரவு திரட்டித் தருகிறது. வெற்றியும் தோல்வியும் வயலில் தீர்மானமாவதில்லை, அந்த விளக்கத்தை எத்தனை பேர் ஒன்றாக நின்று தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதில் தீர்மானமாகிறது. இதுவே மாஸ் வந்தடைந்த முடிவு.

அப்படியானால் 'கூட்டுச் செயல்பாடு' என்பதற்கு இங்கே என்ன பொருள்? ஒரே கதையாடலில் எல்லாரும் நிற்பது. கதை நிற்கிற வரை கூட்டு நிற்கும்.

4

நூலின் வரைவைப் படித்த சக ஊழியர்கள் சிலர், திட்ட மேலாளர்களும் ஆலோசகர்களும், 2004இல் கடுமையாக எதிர்த்தார்கள். நூல் ஒருதலைப்பட்சமானது, தங்கள் தொழில்முறை நற்பெயரைக் கெடுக்கிறது, கூட்டாக வேலை செய்தவர்களின் நம்பிக்கைக்குத் துரோகம் என்றார்கள். பதிப்பகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆய்வு அறவியல் குழுவுக்கும் மானிடவியலாளர் சங்கத்துக்கும் புகார்கள் போயின. முடிவில் நூல் வெளிவந்தது. இந்த அனுபவத்தையே பொருளாக்கி 2005இல் மாலினோவ்ஸ்கி நினைவுச் சொற்பொழிவையும் மாஸ் நிகழ்த்தினார்.

இதை எழுத்துச் சுதந்திரத்தின் வெற்றி என்று கொண்டாடிவிட்டுப் போய்விடலாம். அவ்வளவு எளிதல்ல. எதிர்த்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 'நாம் சேர்ந்து உட்கார்ந்து பேசியதை, சேர்ந்து சாப்பிட்டபோது சொன்னதை, நீ மட்டும் உன் பெயரில் எழுதி எப்படி ஆய்வு என்று சொல்லலாம்?' பழங்குடியினரையும் ஏழைகளையும் பற்றி நூறாண்டாக இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் வரைவைக் கேட்டு வாங்கிப் படித்ததில்லை, அறவியல் குழுவுக்கு எழுதிப் போட்டதில்லை. எழுதப்பட்டவர்கள் முதன்முறையாக ஆங்கிலம் படித்தவர்களாகவும் பல்கலைக்கழகத்தை அறிந்தவர்களாகவும் இருந்தபோதுதான் 'எழுதப்படுதல்' என்பதன் வலி விவாதமாயிற்று. எதிர்த்தவர்கள் அறியாமலே அம்பலப்படுத்தியது இதைத்தான்.

ஆனால் அவர்களுடைய எதிர்ப்பு இன்னொன்றையும் காட்டுகிறது. கூட்டாளியாக இருந்தவன் விமரிசிக்கலாகாது என்பது அங்கே ஓர் அறமாகவே முன்வைக்கப்பட்டது. கூட்டுச் செயல்பாடு என்பது வேலையைப் பகிர்வதோடு நிற்கவில்லை, கருத்தையும் ஒன்றாக்கக் கோருகிறது. கருத்தொருமிப்பே உண்மை, அதிலிருந்து விலகுவது துரோகம் என்றாகிவிடுகிறது. நம்முடைய கட்சிகளிலும் இயக்கங்களிலும் பத்திரிகைக் குழுக்களிலும் இதைக் கேட்டுப் பழகியவர்கள்தானே நாம்? "உள்ள பேச வேண்டியத வெளிய எழுதிட்டான்" என்பதுதானே எத்தனையோ பேர் வெளியேற்றப்பட்டதன் காரணம்?

இந்தச் சண்டை முழுக்க லண்டனில், மேலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு பேராசிரியருக்கும் இடையே நடந்தது. அது ஒரு பங்காளிச் சண்டை. பிரதியில் பங்கு இருந்தவர்கள் பங்குக்காகச் சண்டையிட்டார்கள். யாருடைய வரப்பும் விதையும் கடனும் பற்றி அந்தப் பிரதி பேசுகிறதோ அந்தப் பீல் மக்கள் அதில் இல்லை. திட்டத்தின் அறிக்கைக்கும் அவர்கள் மறுப்பு எழுதவில்லை, மாஸின் நூலுக்கும் எழுதவில்லை. முன்னதில் 'பங்கேற்பாளர்', பின்னதில் 'களம்'.

5

ஆனால் அதே பீல் மக்கள், அதே காலத்தில், அதே மாவட்டத்தில் மறுப்பு எழுதவே செய்தார்கள். இந்த வளர்ச்சித் திட்டம் இயங்கிய ஜாபுவா மாவட்டத்தில்தான் அன்று அலிராஜ்பூரும் இருந்தது. (தனி மாவட்டமானது 2008இல்.) அலிராஜ்பூரின் நர்மதைக் கரைக் கிராமங்கள் சர்தார் சரோவர் அணையில் மூழ்கவிருந்தவை. 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் செய்திருந்த அணை அது. அங்கே பீல்கள் கூட்டத்துக்கு வந்து கோலப்பொடியில் படம் போடவில்லை. 'நகர மாட்டோம்' என்றார்கள், அளக்க வந்தவர்களை ஊருக்குள் விட மறுத்தார்கள்.

இந்த மறுப்பும் உலகெங்கும் எழுந்த ஆதரவும் சேர்ந்து, 1991இல் உலக வங்கி தன் வரலாற்றில் முதன்முறையாகத் தனது திட்டம் ஒன்றை ஆராயச் சுதந்திரமான குழுவொன்றை நியமிக்க வேண்டியதாயிற்று. தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர், இந்த அமைப்புகளுக்குள்ளேயே வளர்ந்த மனிதர். துணைத்தலைவர் கனடாவின் தாமஸ் பெர்ஜர். 1992 ஜூனில் வந்த அறிக்கை, மக்கள் கலந்தாலோசிக்கப்படவில்லை, மறுகுடியமர்வு முறையாகத் திட்டமிடப்படவில்லை, சுற்றுச்சூழல் விளைவுகள் உரியபடி ஆராயப்படவில்லை என்று கூறி, வங்கி பின்வாங்கி நின்று மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. வங்கி உடனே கேட்டுவிடவில்லை. 1993 மார்ச்சில் இந்திய அரசு மீதிக் கடனை வேண்டாம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிடுவதற்கான ஆய்வுக் குழு ஒன்றை வங்கி நிரந்தரமாக ஏற்படுத்தியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்கேற்ற பீல்களிடமிருந்து திட்டம் கேட்டுக்கொண்டது தன் எதிரொலியை. பங்கேற்க மறுத்த பீல்களால் உலக வங்கி தன் கோப்புகளையே திறந்து காட்ட நேர்ந்தது. கூட்டுச் செயல்பாடு பற்றிய உண்மையான ஆய்வு, அது முறிந்த இடத்திலிருந்தே வந்தது.

இதை வெற்றிக் கதையாக்க வேண்டியதில்லை. வங்கி போனாலும் அரசு போகவில்லை. அணை 2017 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஊர்கள் மூழ்கின. மறுப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்பதில்லை. மறுப்பு இல்லாமல் எதுவும் தெரியவராது என்பதே இதிலிருந்து நாம் பெறுவது.

6

நம்மிடையே இந்தப் பொருள் பேசப்படும்போதெல்லாம் எழுகிற கேள்வி 'பணம் எங்கேயிருந்து வருது?' என்பது. 1984இல் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரையிலிருந்து, தன்னார்வக் குழுக்கள் ஏகாதிபத்தியத்தின் கருவி என்கிற விமரிசனம் இடதுசாரிகளிடையே வலுப்பெற்றது. தேவையான விமரிசனம்தான். ஆனால் அது பணத்தின் ஊற்றைக் கேட்டதே தவிர, பிரதியின் உரிமையைக் கேட்கவில்லை. விளைவு? அந்தக் கேள்வியை அரசு எடுத்துக்கொண்டது. 2020இல் திருத்தப்பட்ட அயல்நாட்டு நிதிச் சட்டம், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய நிறுவனம் தாக்குப்பிடிக்கும். அதனிடமிருந்து சிறு தொகை வாங்கிக் கிராமத்தில் வேலை செய்த சின்ன அமைப்புதான் நின்று போகும். 'அந்நியப் பணம்' என்ற குற்றச்சாட்டு ஏழைகள் கையில் ஆயுதமாகவில்லை, உள்துறை அமைச்சகத்தின் கையில் ஆயிற்று.

மறுபக்கம், கொடுத்தவர்களே கடையைக் கட்டுகிறார்கள். டிஎஃப்ஐடி 2020இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் கரைக்கப்பட்டது. அமெரிக்காவின் யுஎஸ்எய்டு 2025 ஜனவரியில் முடக்கப்பட்டு, ஜூலையில் தனி நிறுவனமாக இல்லாமல் போனது. எத்தனையோ நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சையும் ஊட்டச்சத்துத் திட்டங்களும் ஒரே அறிவிப்பில் நின்றன. முப்பதாண்டுகளாகப் 'பங்குதாரர்' என்று அழைக்கப்பட்ட எவரிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. பாகப்பிரிவினை என்றாலும் பங்காளியைக் கூப்பிட்டு வைத்துத்தான் செய்ய வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை, ஏனென்றால் பங்கு என்ற ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. 'ஏகாதிபத்தியக் கருவி ஒழிந்தது' என்று மகிழ்கிற தோழர்கள், மருந்து நின்று போன பெண்ணின் முன்னால் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கூட்டுச் செயல்பாட்டை ஆராய முனைகிறவர்கள் ஒருங்கிணைப்புக் கூட்டங்களை எண்ணுவதை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கேட்கலாம். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதினார், எந்த மொழியில்? அதில் ஒத்துக்கொள்ளாதவரின் பெயரும் காரணமும் பதிவாகியிருக்கிறதா? இறுதி அறிக்கை வரும் முன் அது ஊரில் வாசித்துக் காட்டப்பட்டதா, 'இது பொய்' என்று ஒருவர் சொன்னால் அது அறிக்கையோடு சேர்த்து அச்சிடப்படுமா? பணத்தை நிறுத்துகிற முடிவை எதிர்த்து வாங்கியவர் முறையிட ஓர் இடம் உண்டா? கீழ்மட்டக் களப்பணியாளர் மேலே அனுப்பாமல் தன் நோட்டிலேயே வைத்துக்கொண்ட விஷயங்கள் எவை? இவை நிதி நிறுவனங்களிடம் மட்டும் கேட்க வேண்டியவை அல்ல. அந்நியப் பணம் ஒரு பைசாவும் வாங்காத நம் அமைப்புகள் வெளியிடுகிற உண்மை அறியும் குழு அறிக்கைகளிலும், எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதும் கூட்டறிக்கைகளிலும் மாறுபட்ட கருத்துக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறோம்?

கூட்டாகச் செயல்படுவது வேண்டாம் என்பதல்ல வாதம். கூட்டு இல்லாமல் எந்த இயக்கமும் இல்லை. ஆனால் சண்டை போட உரிமையில்லாதவரைப் பங்காளி என்று அழைப்பதை முதலில் நிறுத்துவோம். அந்த உரிமையை நடைமுறையில் எப்படி உறுதிசெய்வது என்பது பற்றி, களத்தில் வேலை செய்கிறவர்கள், குறிப்பாக அறிக்கைகளுக்குத் தகவல் கொடுத்துவிட்டு அவற்றைப் பார்க்கவே வாய்க்காதவர்கள், எழுத வேண்டும்.